தரங்கம்பாடிக்கு வராத குருவானவர்



தமிழ்ப்பள்ளியைப் பற்றியே எழுதிவரும் இவ்வலைப்பதிவில், வேல்ஸ் நாட்டுக் கிறித்தவக் குருவானவர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவர் பெயர் கிரிபித் ஜோன்ஸ். ஏறத்தாழ 1684இல் பிறந்து 1761இல் மறைந்தவர். மலேசியாவை அவர் அறியார், தமிழையும் அறியார். ஆயினும் அவர் வாழ்வில் ஒரு கட்டத்தில், தமிழ் மண்ணுக்கு வந்து பணியாற்றுமாறு அவருக்கு அழைப்பு வந்தது. அவர் வரவில்லை. வராமல் தம் நாட்டிலேயே தங்கி அவர் செய்த பணி, இன்று கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வாழும் நம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிச் சிந்திப்போர்க்கு மிகவும் பயன்படக்கூடியது. அதனை எடுத்துரைப்பதும், அதிலிருந்து நாம் எதனைக் கொள்ளலாம், எதனைக் கொள்ளலாகாது என்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

தரங்கம்பாடி அழைப்பு

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கே, கார்மார்தன் மாவட்டத்தில் பென்பாயர் என்னும் ஊர்ப்பகுதியில் பிறந்தவர் கிரிபித் ஜோன்ஸ். கார்மார்தன் நகரத்துப் பள்ளியில் பயின்று, 1708இல் குருப்பட்டம் பெற்றார். வாழ்நாள் முழுவதும் ஆஸ்துமா நோயால் துன்புற்றவர். 1709 முதல் லார்ன் என்னும் கடலோர ஊரில் துணைக்குருவாகவும் அறப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். அப்பள்ளியை நடத்தியது, இலண்டனில் 1698-99இல் தோன்றிய கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம்.

இச்சங்கத்தின் பெயர் தமிழ் அச்சு வரலாற்றைப் படித்தோர்க்குப் புதிதன்று. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியரான சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றவர். அவர்தம் பணிக்கு அச்சுப்பொறியும் பொருளும் அனுப்பி உதவியது இதே இலண்டன் சங்கம்தான். அங்ஙனம் உதவிய காலத்தில், தரங்கம்பாடிக்கு அனுப்பத் தக்க ஒருவரைத் தேடிய சங்கத்தார், 1712-13ஆம் ஆண்டுகளில் கிரிபித் ஜோன்ஸை அணுகினர். அவரும் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தார். இறுதியில் 1713இல் மறுத்துவிட்டார். தம் நாட்டு மக்களே அறியாமையில் உழலும்போது அவர்களை விட்டுவிட்டுக் கடல் கடப்பது தகாது என்பதே அவர் கருத்தின் சாரம்.

அம்மறுப்பினால் தமிழகம் இழந்தது என்ன என்று நாம் கணக்கிட இயலாது. ஆனால் வேல்ஸ் நாடு பெற்றது என்ன என்பதற்குக் கணக்கு உண்டு.

ரொட்டி வாங்க வந்தவர்கள்

1716இல் சர் ஜான் பிலிப்ஸ் என்னும் செல்வரின் ஆதரவால் லாந்தவ்ரோர் என்னும் சிற்றூரின் பங்குக்குருவானார் ஜோன்ஸ். நல்ல பேச்சாளர். அவர் உரையைக் கேட்க மக்கள் திரண்டனர். தம் பங்கிற்கு வெளியே சென்று உரையாற்றினார் என்பதற்காக ஆயர் மன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டதும் உண்டு. ஆனால் பேச்சினால் மட்டும் பயனில்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார்.

திருச்சபைக் காணிக்கையைக் கொண்டு ஏழைகளுக்கு ரொட்டி வழங்கும் வழக்கம் அவர் பங்கில் இருந்தது. ரொட்டி பெற வந்தவர்களிடம் எளிய சமய வினாக்களைக் கேட்டுப் பார்த்தார். ஆண்டாண்டாகத் தம் உரையைக் கேட்டவர்களுக்கும் விடை தெரியவில்லை. கேட்டது காதோடு போயிற்று. படிக்கத் தெரிந்திருந்தால் வீட்டிற்குச் சென்று மீண்டும் பார்த்திருப்பர். அவர்களுக்கோ எழுத்தறிவு இல்லை. எனவே படிக்கக் கற்பிப்பதே தம் முதற்பணி என்று துணிந்தார். 1731இல் லாந்தவ்ரோரில் ஒரு வெல்ஷ் மொழிப் பள்ளியைத் தொடங்க உதவி வேண்டிச் சங்கத்தாருக்கு எழுதினார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளே இல்லாத நாட்டில் அவர் பள்ளி தொடங்கவில்லை. அவருக்கு முன்பே இரண்டு தலைமுறைகளாக அறப்பள்ளிகள் வேல்ஸில் இருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆங்கிலம் அறியாத உழவர் பிள்ளைகள் அங்கே வந்து அமர்ந்து, பொருள் விளங்காத சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லினர்; அறுவடைக் காலம் வந்தால் பள்ளியை விட்டு நீங்கினர்; மீண்டும் வருவதற்குள் கற்றதனைத்தையும் மறந்தனர். பள்ளி இருந்தது, கல்வி இல்லை.

கிரிபித் ஜோன்ஸ் இதனை மொழிப்பற்றின் பெயரால் எதிர்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் படிக்கக் கற்பிக்கப் பல ஆண்டுகள் ஆகும்; ஏழைப் பெற்றோரால் அத்தனை ஆண்டுகள் பிள்ளையை வேலையிலிருந்து விடுவிக்க இயலாது. வெல்ஷ் மொழியிலோ சில திங்களிலேயே படிக்கக் கற்றுவிடலாம். ஏனெனில் பிள்ளை அம்மொழியை ஏற்கெனவே அறியும். ஒலிக்கும் எழுத்துக்கும் இடையே ஒழுங்கும் அம்மொழியில் உண்டு. ஆதலின் தாய்மொழியே சுருக்கமான வழி, செலவு குறைந்த வழி, உறுதியான வழி. பின்னர் ஆங்கிலம் கற்க விரும்புவோர்க்கும் அதுவே அடிப்படை. ஆங்கிலத்தின்மீது அவருக்குப் பகைமை சிறிதும் இல்லை.

சுற்றிச் செல்லும் பள்ளி

அவர் கண்ட அமைப்பைச் சுற்றுப்பள்ளி என்று சொல்லலாம். ஓர் ஊரில் நிலையான கட்டடம் எழுப்பி, பிள்ளைகள் அங்கே வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ஆசிரியர் ஊர்க்குச் செல்வார். திருச்சபைக் கட்டடமோ, களஞ்சியமோ, உழவர் வீட்டு அறையோ எது கிடைக்கிறதோ அதில் பள்ளி நடக்கும். பெரும்பாலும் மூன்று திங்கள் நடக்கும். வயல்வேலை குறைந்த குளிர்காலப் பகுதியே அதற்குரிய காலம். மூன்று திங்கள் முடிந்ததும் ஆசிரியர் அடுத்த ஊர்க்குப் போவார். தேவைப்பட்டால் பழைய ஊர்க்குப் பின்னர் மீண்டும் வருவார். பகலில் வர இயலாத உழவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் இரவில் வகுப்பு. பேரப்பிள்ளைகளை உடைய முதியவர்களும் கண்ணாடி அணிந்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தனர்.

ஆசிரியர்களை லாந்தவ்ரோரில் தாமே பயிற்றி அனுப்பினார். அவர்களுக்கு ஊதியம் ஆண்டுக்கு மூன்று, நான்கு பவுன் அளவே. பாடம் ஒன்றே: படித்தல். நூல்கள் விவிலியமும் சமய வினாவிடையும். எழுதுதலும் கணக்கும் கிடையா. ஆண்டுதோறும் எந்த ஊரில் எத்தனை பேர் பயின்றனர் என்னும் பட்டியலோடு ஓர் அறிக்கையை அச்சிட்டு, பொருளுதவி செய்தவர்களுக்கு அனுப்பினார். ‘வெல்ஷ் பயட்டி’ என்னும் பெயரில் அவ்வறிக்கைகள் 1730களின் இறுதி முதல் அவர் மறையும் வரை தொடர்ந்து வெளிவந்தன.

1761 ஏப்ரல் 8ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவ்வறிக்கைகளின்படி 3,300க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்து முடிந்திருந்தன. ஒரே ஊரில் மீண்டும் மீண்டும் நடந்தவற்றைத் தனித்தனியே எண்ணியதால் வந்த தொகை இது. ஊர்களாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,600. பகல் வகுப்பில் பயின்றோர் மட்டும் 1,50,000க்கும் மேற்பட்டோர். ஒருவரே இருமுறை எண்ணப்பட்டிருக்கலாம் என்று கழித்தாலும், இரவில் பயின்றோரைச் சேர்த்துக்கொண்டால், நான்கு, நான்கரை இலட்சம் மக்களே வாழ்ந்த நாட்டில் இது வியத்தகு தொகை. உருசியப் பேரரசி காதரீன் 1764இல் இப்பள்ளிகளைப் பற்றிய விவரங்களைக் கேட்டறிந்தார் என்று வரலாற்றாளர் குறிப்பிடுவர்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அண்டைப் பங்கின் குருவான ஜான் எவன்ஸ் 1752இல் இப்பள்ளிகளைத் தாக்கி நூலே வெளியிட்டார். மெதடிஸ்டுக் கிளர்ச்சியாளர்களை வளர்க்கும் பள்ளிகள் இவை என்பது அவர் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஜோன்ஸ் தம் பணியை நிறுத்தவில்லை.

புகழ்ச்சியோடு நிறுத்தலாகாது

இத்துணை கூறியபின், அவரை மொழிப்போராளியாக்கி மாலை சூட்டுவது எளிது. அது உண்மைக்குப் புறம்பு. உயிர்களை மீட்பதே அவர் நோக்கம். மொழியைக் காப்பது அன்று. ஏழைப் பிள்ளை விவிலியம் படித்தால் போதும், அதற்கு மேல் எழுதவோ கணக்கிடவோ வேண்டியதில்லை என்று அவர் வரையறுத்த எல்லை, இன்றைய ஆசிரியர் எவரும் ஏற்கத் தக்கதன்று. ஏழை தன் நிலையை விட்டு உயரக் கல்வி வேண்டும் என்பது அவர் எண்ணத்தில் இல்லை. அவருடைய பள்ளியில் பயின்ற உழவன் மகன் உழவனாகவே இருப்பான். ஆனால் படிக்கத் தெரிந்த உழவனாக இருப்பான்.

இன்னொரு குறையும் உண்டு. அனைத்தும் அவர் ஒருவரையும், அவருக்குத் துணைநின்ற பிரிட்ஜெட் பெவன் என்னும் அம்மையாரையும் சார்ந்திருந்தன. ஜோன்ஸ் மறைந்தபின் அவ்வம்மையாரே பள்ளிகளை 1779 வரை திறம்பட நடத்தினார். மறையும்போது பள்ளிகளுக்கென்று 10,000 பவுன் எழுதிவைத்தார். உறவினர் அதனை எதிர்த்தனர். வழக்கு மன்றத்திற்குச் சென்றது. பணம் கால் நூற்றாண்டுக்குமேல் முடங்கிக் கிடந்தது. பள்ளிகள் நின்றுபோயின. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கல்வி ஓர் உயில் வழக்கில் சிக்கிக்கொண்டது என்றால் அது மிகையாகாது.

ஆயினும் விதைத்தது வீணாகவில்லை. படிக்கக் கற்றவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பாலா ஊர் தாமஸ் சார்ல்ஸ் என்பார் 1780களில் சுற்றுப்பள்ளிகளை மீண்டும் தொடங்கி, பின்னர் ஞாயிறு பள்ளிகளாக விரிவுபடுத்தினார். வெல்ஷ் மொழி நூல்களுக்கு வாசகர் கூட்டம் உருவாயிற்று. அவ்வாசகர் கூட்டமே அம்மொழிக்கு அரணாயிற்று.

அரண் உள்ளிருந்தே இடிந்த கதை

அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்ததையும் பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1847இல் வேல்ஸ் நாட்டுக் கல்விநிலையை ஆராய்ந்து அரசு வெளியிட்ட அறிக்கை, நாட்டின் பின்தங்கிய நிலைக்கு வெல்ஷ் மொழியே காரணம் என்று பழித்தது. ஆய்வை நடத்திய மூவரும் வெல்ஷ் அறியாதவர்கள். அம்மக்கள் அவ்வறிக்கையை ‘நீலநூல்களின் துரோகம்’ என்று இன்றும் நினைவுகூர்வர்.

அந்நூற்றாண்டில் பல பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. வெல்ஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டு மாட்டப்படும். வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசக் கேட்டால் அதற்கு மாற்றிவிடலாம். மாலையில் எவர் கழுத்தில் அது கிடக்கிறதோ அவருக்குத் தண்டனை. இதனை அரசு சட்டமாக இயற்றவில்லை. ஊர்ப் பள்ளிகளில், வெல்ஷ் பேசும் ஆசிரியர்களே நடத்தினர். வெல்ஷ் பேசும் பெற்றோர்கள் ஒப்பினர். தம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்று முன்னேற வேண்டும் என்னும் நல்லெண்ணமே அவர்களை ஒப்பச் செய்தது. 1901 கணக்கெடுப்பில் ஏறத்தாழ பாதிப்பேர் பேசிய மொழியை, 2021 கணக்கெடுப்பில் 17.8 விழுக்காட்டினரே பேசுகின்றனர்.

மீட்சியும் பெற்றோரிடமிருந்தே தொடங்கியது. 1939இல் அபரிஸ்ட்வித் நகரில் ஏழே பிள்ளைகளோடு வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் வெல்ஷ் வழிப் பள்ளிகள் உள்ளன. 2050க்குள் பத்து இலட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு. ஏழு பிள்ளைகள் என்பதை, மாணவர் தொகை குறைந்த தோட்டப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் மறவாதிருப்பார்களாக.

நம் மலைக்கு வருவோம்

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை அழித்துக் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அதற்கு முன்பே, 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வழி செய்திருந்தது. அக்காலத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ, கணக்கரோ, எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோதான் ஆசிரியர். கிரிபித் ஜோன்ஸின் களஞ்சியப் பள்ளிக்கும் நம் பாட்டன்மார் பயின்ற லயத்துப் பள்ளிக்கும் தோற்றத்தில் பெரும் வேறுபாடு இல்லை. நோக்கத்தில் ஒற்றுமையும் உண்டு: தொழிலாளி மகன் தொழிலாளியாகவே இருப்பான் என்பதே தோட்ட நிருவாகத்தாரின் எதிர்பார்ப்பும்.

அந்நிலையைக் கடந்து நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்க்குப் பெயர்ந்ததே பள்ளிகள் குறைந்ததற்குத் தலையாய காரணம். ஆனால் அண்மைக்காலக் குறைவு வேறு வகையினது. 2010ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை இன்று 80,000க்கும் கீழே வந்துவிட்டது. பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம். பெற்றோரின் தேர்வு மற்றொரு காரணம்.

சட்டத்தின் பக்கம் இப்போது ஐயமில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதனை எதிர்க்க அனுமதி கோரிய விண்ணப்பத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஆகவே தமிழ்ப்பள்ளியின் எதிர்காலம் நீதிமன்றத்தில் இல்லை. முதலாம் ஆண்டுப் பதிவுப் படிவத்தை நிரப்பும் தாய் தந்தையரின் கையில் இருக்கிறது.

அப்பெற்றோர்கள் கேட்கும் வினா நியாயமானது: “படிவம் ஒன்று முதல் எல்லாம் மலாய்தானே ஐயா? வேலைக்கு ஆங்கிலம்தானே? தமிழை வீட்டில் பேசினால் போதாதா?”

இதற்குப் பண்பாடு, பாரம்பரியம், மொழிக்கடமை என்றெல்லாம் மேடையில் விடை கூறுகிறோம். கைத்தட்டல் கிடைக்கிறது, மாணவர் கிடைப்பதில்லை. கிரிபித் ஜோன்ஸ் கூறியிருக்கக்கூடிய விடை வேறு. உங்கள் பிள்ளை ஏழு வயதில் எம்மொழியில் கனவு காண்கிறதோ, எம்மொழியில் பசிக்கிறது என்று சொல்கிறதோ, அம்மொழியில் படிக்கக் கற்பதே விரைவு. படித்தல் என்னும் ஆற்றல் ஒருமுறைதான் கைவர வேண்டும். எழுத்தைக் கண்டு பொருள் கொள்ளலாம் என்னும் நுட்பம் தமிழில் பிடிபட்டுவிட்டால், அதனை மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் பிள்ளை எடுத்துச் செல்லும். பொருள் விளங்காத மொழியில் எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளை, ஒலியை மட்டும் ஒப்பிக்கக் கற்கிறது; நான்காம் ஆண்டில் பாடநூல் கடினமாகும்போது அது பின்தங்குகிறது. கொழுந்துத் தோட்டத்திலும் கீரைத் தோட்டத்திலும் வேலை செய்யும் பெற்றோர்க்குத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டி அக்குறையை நிரப்ப வசதி இல்லை. ஆதலின் இழப்பு மிகுதியும் ஏழைப் பிள்ளைக்கே.

நேர்மையாகச் சொல்ல வேண்டியவை

இவ்வாதத்தை நாம் பயன்படுத்துவதாயின், அதன் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இவ்வாதம் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கே பொருந்தும். நகரத்தில் வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்ட குடும்பத்திடம் சென்று, தமிழ்தான் உங்கள் பிள்ளைக்கு எளிய வழி என்று சொன்னால் அது உண்மையாகாது. அவர்களைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைக்க வேறு நல்ல காரணங்கள் உள்ளன. அவற்றைச் சொல்லி அழைப்போம். மலைத்தோட்டப் பிள்ளைக்குரிய வாதத்தை அவர்களிடம் கடன் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, தமிழ் மூன்று திங்களில் கைவரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. நம் எழுத்துகள் 247. உயிர், மெய் என்னும் முப்பதின் கூட்டு ஒழுங்கு விளங்கினால் எஞ்சியவை எளிது என்றாலும், உயிர்மெய்க் குறிகளை நிலைநிறுத்தக் காலம் வேண்டும். ஒரே ககரம் ‘கல்’ என்பதில் ஒருவகையாகவும் ‘பகல்’ என்பதில் வேறுவகையாகவும் ஒலிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பேசும் தமிழ் வேறு. பாடநூல் தமிழ் வேறு. “வந்துச்சு” என்று பேசும் பிள்ளை “வந்தது” என்று படிக்க வேண்டியிருக்கிறது. பேச்சுத்தமிழைத் தவறென்று ஒதுக்கும் ஆசிரியர், தாய்மொழிக் கல்வியின் பயனில் பாதியைத் தம் கையாலேயே எறிந்துவிடுகிறார். பேச்சிலிருந்து எழுத்துக்குப் படிப்படியாக அழைத்துச் செல்வதே முறை. முதல் வகுப்பில் பிள்ளையின் வாய்மொழிக்கு இடம் கொடுப்பதால் செந்தமிழ் கெட்டுவிடாது.

மூன்றாவது, தமிழ்ப்பள்ளியில் சேர்த்த பிள்ளை படிக்கத் தெரியாமலே இரண்டாம் ஆண்டுக்குச் செல்லுமாயின், மேற்கூறிய வாதம் அனைத்தும் வெறும் சொல். ஜோன்ஸின் பள்ளிக்கு நற்பெயர் வந்தது வெல்ஷ் பள்ளி என்பதால் அன்று. அங்கே சென்றவர்கள் படிக்கக் கற்றுத் திரும்பினர் என்பதால்.

என் கருத்துகள் நான்கு

ஒன்று: முதலாம் ஆண்டில், வேறெதையும் விட, படித்தலுக்கே முதலிடம் தருவோம். பயிற்றிகளின் பக்கங்களை நிரப்புவதும் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் பின்னர் ஆகட்டும். மாணவர் குறைந்த பள்ளியை நாம் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். எட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் ஆசிரியரின் அருகில் அமர்ந்து ஒரு பக்கம் படிக்கலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள நகரப் பள்ளியால் இயலாத செயல் இது. இதனைச் செய்துகாட்டிப் பெற்றோரிடம் சொல்வோம்.

இரண்டு: பள்ளி மக்களிடம் செல்லட்டும், அவர்களுக்கு ஓய்வுள்ள காலத்தில் செல்லட்டும். நாம் வழக்கமாக நடத்தும் விடுமுறை முகாம்கள் இம்மலைக்குப் பொருந்தாதவை. பள்ளி விடுமுறையில்தான் சுற்றுப்பயணிகள் திரள்கின்றனர். கியா பார்ம் சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்கும் குடும்பங்களுக்கு அதுவே ஓய்வற்ற காலம். பிள்ளைகளும் கடையில் நிற்பர். மாறாக, சாதாரண வார நாள் மாலைகளில் சந்தை அடங்கிவிடும். அந்நேரத்தில் லயத்துக் கோயில் மண்டபத்திலோ பொதுமண்டபத்திலோ வாரம் இருமுறை, ஒரு மணிநேரம், மூன்று திங்களுக்கு மட்டும் படிப்பு வட்டம் நடத்தலாம். பின்னர் அடுத்த லயத்திற்குச் செல்லலாம். வேல்ஸ் நாட்டு உழவனுக்குக் குளிர்காலம் எப்படியோ, நம் மக்களுக்கு வார நாள் மாலை அப்படி.

மூன்று: பெற்றோரும் பாட்டிமாரும் அவ்வட்டத்தில் அமரட்டும். படிக்கத் தெரியாத தாய் வெட்கத்தினால் பள்ளிப் பக்கம் வருவதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து பேசாமல் போய்விடுகிறார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. பிள்ளையோடு சேர்ந்து எழுத்துக்கூட்ட இடமளித்தால், வீட்டில் ஒரு வாசகர் கூடுவார். வேல்ஸ் நாட்டில் இரவு வகுப்புகள் செய்த பெருவேலை இதுவே.

நான்கு: ஒரு தலைமையாசிரியரின் ஊக்கத்தையோ ஒரு வள்ளலின் பணப்பையையோ மட்டும் நம்பிப் பணி தொடங்க வேண்டாம். தலைமையாசிரியர் மாற்றலாவார், வள்ளல் மனம் மாறுவார். பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிருவாகமும் கூடிச் சிறு தொகையாயினும் முறையான கணக்கோடு தனி நிதியாக வைக்கட்டும். ஆண்டு முடிவில் எந்த லயத்தில் எத்தனை பேர் அமர்ந்தனர், எத்தனை பேர் தடையின்றிப் படிக்கின்றனர் என்று ஒரே பக்கத்தில் எழுதி அனைவர்க்கும் வழங்குவோம். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எத்தனை பேர் இன்னும் படிக்கவில்லை என்பதும் அப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அமைச்சின் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களின் மாலைநேரம் வேண்டும். அது சிறிய கேள்வி அன்று என்பதை நான் அறிவேன். அறிக்கைகளும் இணையப் பதிவுகளும் கூட்டங்களும் நம் மாலைகளை ஏற்கெனவே விழுங்குகின்றன. ஆகவே அனைவரும் எல்லா வாரமும் வர வேண்டும் என்று கேட்கவில்லை. ஐவர் இருக்கும் பள்ளியில் முறைவைத்துச் சென்றால் ஒருவருக்கு மாதத்தில் இரண்டு மாலைகளுக்கு மேல் வராது.

பெற்றோர்களே, வேல்ஸ் நாட்டில் பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு தொங்க ஒப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப்போல் பிள்ளைகளின் நலம் விரும்பியவர்கள்தாம். முன்னேற்றத்திற்குத் தாய்மொழி தடை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அவர்கள் நம்பினர். அதே நாட்டில் நூறாண்டுகளுக்கு முன்பே, முன்னேற்றத்தின் முதற்படி தாய்மொழியில் படிப்பதே என்று ஊர் ஊராகச் சென்று மெய்ப்பித்திருந்தார் ஒரு குருவானவர். அவர்கள் மறந்ததை நாம் மறக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் பயில்கிறதாயின், இன்றிரவே ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் மறுநாள் எங்களிடம் வந்து கூறுங்கள். அங்ஙனம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செவிசாய்க்க எங்களுக்குக் கடமை உண்டு.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்
கியா பார்ம், கேமரன் மலை